பியூப்பில் பிரீமியமும் விளையாட்டுப் பிரீமியமும்: பள்ளிக்கு வரும் பணம் எங்கே போகிறது?

கேள்வி: என் மகள் லண்டனில் ஓர் அரசு பிரைமரி பள்ளியில் இயர் 4 படிக்கிறாள். இலவச மதிய உணவுக்குப் பதிவு செய்திருக்கிறோம். பியூப்பில் பிரீமியம் என்று ஒன்றரை லட்சம் பவுண்டும், விளையாட்டுக்கு என்று இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் வந்ததாகப் பள்ளி இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். என் மகளுக்கு என்று எதுவும் கிடைத்த மாதிரி தெரியவில்லை. வேறு பள்ளியில் படிக்கும் நண்பரின் மகனுக்கு வயலின் வகுப்பே இலவசம். இந்தப் பணம் உண்மையில் எங்கே போகிறது? பள்ளியிடம் கேட்கலாமா?

பதில்:

தாராளமாகக் கேட்கலாம். லண்டன் புறநகரில் ஒரு பிரைமரி பள்ளிக்குப் பல ஆண்டுகளாகக் கவர்னராக, அதாவது நிர்வாகக் குழு உறுப்பினராக, இருக்கிறேன். இந்த இரண்டு தொகைகளும் எப்படிச் செலவாகின்றன என்று கூட்டத்துக்குக் கூட்டம் விசாரிப்பது என் பொறுப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஏற்பாடு வேறு.

முதலில் பியூப்பில் பிரீமியம், அதாவது வசதி குறைந்த பிள்ளைகளுக்காக அரசு பள்ளிக்குத் தரும் கூடுதல் பணம். உங்கள் மகளைக் கணக்கில் வைத்துத்தான் இந்தப் பணம் பள்ளிக்கு வருகிறது. ஆனால் அவள் பெயரில் தனிக் கணக்கு எதுவும் கிடையாது. 2025-26க்கான தொகை, பிரைமரி பிள்ளை ஒருவருக்கு 1,515 பவுண்ட், செகண்டரி பிள்ளைக்கு 1,075 பவுண்ட். கடந்த ஆறு ஆண்டுகளில் எப்போதாவது இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றவராகப் பதிவான பிள்ளை என்றால் போதும், பணம் வரும். கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும், அப்படி இருந்து பிறகு தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் 2,630 பவுண்ட். ராணுவத்தில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்குத் தனியாக 350 பவுண்ட் உண்டு. உங்கள் பள்ளிக்கு ஒன்றரை லட்சம் வந்திருக்கிறது என்றால், தகுதியுள்ள பிள்ளைகள் ஏறக்குறைய நூறு பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு பிள்ளைக்கு வந்த 1,515 பவுண்டை அந்தப் பிள்ளைக்கே செலவிட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. மொத்தமாக வைத்துத் திட்டமிடலாம். தகுதிப் பட்டியலில் இல்லாவிட்டாலும் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குச் செலவிடலாம். சமூக சேவகரின் கண்காணிப்பில் இருக்கும் பிள்ளை, வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளை போன்றவர்களுக்கு இது பொருந்தும். "என் பிள்ளையின் பங்கு எங்கே" என்று கேட்டால், பள்ளி மரியாதையாக இந்த விதியைக் காட்டிவிட்டுப் போய்விடும். கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பணம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010இல் கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ராட் கூட்டணி ஆட்சி வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் தேர்ச்சியில் இருந்த இடைவெளியைக் குறைக்க 2011 ஏப்ரலில் பியூப்பில் பிரீமியத்தைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டு தலைக்கு 488 பவுண்ட்தான். பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2012இல் பள்ளித் தலைவர்களைக் கேட்டுப் பார்த்தது. பாதிப் பேர், தங்கள் பள்ளி இயங்கும் விதத்தில் இது பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பணத்தை ஏற்கெனவே இருந்த செலவுகளோடு கலந்துவிட்டதுதான் காரணம். அதற்குப் பிறகுதான் கணக்கை இணையதளத்தில் போட வேண்டும், என்ன பலன் வந்தது என்று எழுத வேண்டும் என்றெல்லாம் பிடி இறுகியது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் கல்வித் துறை கொடுத்த படிவத்தில் ஒரு திட்ட அறிக்கையைப் பள்ளி வெளியிட்டாக வேண்டும். நீங்கள் பார்த்தது அதன் முதல் பக்கமாக இருக்கும். மிச்சப் பக்கங்களையும் படியுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அந்த அறிக்கையில் செலவு மூன்று பகுதியாக இருக்கும்: வகுப்பறைக் கற்பித்தலை மேம்படுத்துவது, பின்தங்கிய பிள்ளைகளுக்குக் குறிவைத்த பாட உதவி, அப்புறம் வருகை, நடத்தை, காலை உணவு, சுற்றுலா, இசை போன்ற மற்றவை. உங்கள் நண்பர் மகனின் வயலின் இந்த மூன்றாம் பகுதியில் வரும். அது விதிக்கு உட்பட்டதுதான். காசு இல்லாததால் ஒரு பிள்ளை வயலினைத் தொடாமலே வளரக் கூடாது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் வயலின் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அந்தப் பள்ளி பணத்தை நன்றாகச் செலவிடுகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் மகளின் வகுப்பு டீச்சருக்குப் படிக்கக் கற்றுத்தருவதில் நல்ல பயிற்சி கொடுத்திருந்தால், அது வீட்டுக்குத் தெரியவே தெரியாது. பலன் மட்டும் அதிகமாக இருக்கும்.

ஒன்றரை லட்சம் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவருக்குச் சம்பளம், ஓய்வூதியப் பங்கு, தேசியக் காப்பீடு எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு அறுபதாயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். அதாவது இந்தத் தொகை இரண்டரை ஆசிரியர்களின் செலவு. அதனால் பல பள்ளிகள் குறைந்த சம்பளமுள்ள டீச்சிங் அசிஸ்டன்ட்களை வைத்துக்கொள்கின்றன. பியூப்பில் பிரீமியத்தில் பெரும் பங்கு போவது இங்கேதான். பலன் வருவதும் வராமல் போவதும் இங்கேதான் முடிவாகிறது.

2009இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. பள்ளி உதவிப் பணியாளர்களைப் பற்றி லண்டன் கல்வியியல் கழகத்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் தலைமையில் செய்தது. அது கண்டது பலரை உலுக்கியது. டீச்சிங் அசிஸ்டன்டின் உதவி அதிகம் கிடைத்த பிள்ளைகள், அதே நிலையில் இருந்து உதவி குறைவாகக் கிடைத்த பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். குற்றம் அந்தப் பணியாளர்களுடையது அல்ல. அவர்களைப் பயன்படுத்திய முறையில் இருந்தது. வகுப்பில் மிகவும் தடுமாறும் நான்கு பிள்ளைகளை ஒரு மூலை மேசையில் உட்கார வைத்து, பயிற்சி எதுவும் தராத ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். டீச்சர் மற்ற இருபத்தாறு பேருக்குப் பாடம் நடத்துவார். அதிக உதவி தேவைப்படும் பிள்ளைக்கு டீச்சரின் நேரம் மிகக் குறைவாகக் கிடைக்கும். மேசையில் இருப்பவரும் பிள்ளை தடுமாறும்போது பாவம் பார்த்து விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். வேலை முடிந்தது போலத் தெரியும், பிள்ளை எதையும் கற்றிருக்காது.

அதே டீச்சிங் அசிஸ்டன்டுக்கு முறையான பயிற்சி கொடுத்து, தெளிவான பாடத்திட்டத்தோடு, வாரத்தில் குறிப்பிட்ட நேரம் சிறு குழுவை நடத்தச் சொன்னால் கதை மாறுகிறது. நெல்லி என்று சுருக்கமாகச் சொல்லும் நஃபீல்ட் மொழித் திட்டம் நல்ல உதாரணம். இயர் 1க்கு முந்தைய ரிசெப்ஷன் வகுப்பில் பேச்சுமொழி பின்தங்கிய பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து இருபது வாரம் நடத்துவார்கள். நடத்துபவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற டீச்சிங் அசிஸ்டன்ட்கள். சோதித்துப் பார்த்தபோது பிள்ளைகள் மூன்று, நான்கு மாதக் கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள், அதாவது திட்டத்தில் இல்லாத பிள்ளைகளைவிட அத்தனை மாதப் படிப்பு முன்னே போயிருந்தார்கள்.

இந்த "மாதக் கணக்கு" எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷனுடையது. பியூப்பில் பிரீமியம் வந்த அதே 2011இல், அரசின் 125 மில்லியன் பவுண்ட் நிதியோடு தொடங்கியது. எந்த வழிமுறை எவ்வளவு பலன் தருகிறது என்று ஆய்வுகளைத் திரட்டி ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பேச்சுமொழியை வளர்ப்பது ஏறக்குறைய ஆறு மாதம், சிறு குழுவில் பாடம் நடத்துவது நான்கு மாதம், உடற்பயிற்சி ஒரு மாதம் என்று இருக்கும். இவை சராசரிகள், உங்கள் பள்ளியில் அப்படியே நடக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் ஒரு பள்ளி எதற்காக ஒரு செலவைச் செய்கிறது என்று கேட்க இது நல்ல ஆதாரம்.

காலை உணவு பற்றியும் ஒரு வார்த்தை. மேஜிக் பிரேக்ஃபஸ்ட் என்ற அறக்கட்டளையின் உதவியோடு பள்ளிகள் நடத்திய இலவசக் காலை உணவுக் கிளப்புகளை இதே ஃபவுண்டேஷன் சோதித்தது. இயர் 2 பிள்ளைகள் படிப்பில் இரண்டு மாதக் கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். செலவோ மிகக் குறைவு. வருகையும் அப்படித்தான். கொரோனாவுக்கு முன் பத்தில் ஒரு பிள்ளை பள்ளி நாள்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ தவறவிட்டது. 2022-23இல் அது ஐந்தில் ஒன்றானது. வசதி குறைந்த பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். பள்ளிக்கு வராத பிள்ளைக்கு எந்த நல்ல டீச்சரும் பயன்படமாட்டார். ஒரு பள்ளி இந்தப் பணத்தில் வருகையைக் கவனிக்க ஒரு பணியாளரை வைத்து, காலை ஒன்பதரைக்குள் வீட்டுக்குப் போன் போகும்படி செய்தால், அதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கல்வியில் சம வாய்ப்புக்காக இயங்கும் சட்டன் டிரஸ்ட் அறக்கட்டளை ஆண்டுதோறும் வெளியிடும் கருத்துக்கணிப்பில் 2024இல் பள்ளித் தலைவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், பியூப்பில் பிரீமியத்தில் ஒரு பகுதியைப் பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையை அடைக்கப் பயன்படுத்துவதாக ஒப்புக்கொண்டார்கள். மின்கட்டணமும் சம்பளமும் ஏறின, தொகை அதே வேகத்தில் ஏறவில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். தலைமை ஆசிரியர்களைத் திட்டிப் பயனில்லை. வகுப்பில் ஆளே இல்லாமல் போவதா, பிரீமியத்தில் கைவைப்பதா என்ற நிலையில்தான் அவர்கள் அதைச் செய்கிறார்கள். ஆனால் விளைவு கண்முன் நிற்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளி 2011க்குப் பிறகு மெல்லக் குறைந்து வந்தது. கொரோனாவுக்குப் பிறகு மறுபடி விரிந்துவிட்டது.

சரி, இப்போது விளையாட்டுப் பணத்துக்கு வருவோம். பி.ஈ. (உடற்கல்வி) அண்ட் ஸ்போர்ட் பிரீமியம் என்பது தனித் தொகை. இதற்கும் குடும்ப வருமானத்துக்கும் தொடர்பு இல்லை. பிரைமரி பள்ளிகளுக்கு மட்டும்தான். இயர் 1 முதல் இயர் 6 வரை 17 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளிக்கு 16,000 பவுண்ட், அதோடு பிள்ளைக்குப் பத்து பவுண்ட். ஓர் ஆண்டுக்கு இரண்டு வகுப்பு உள்ள பள்ளி என்றால் 360 பிள்ளைகள், 19,600 பவுண்ட். நீங்கள் பார்த்த எண்ணும் இந்த அளவில்தான் இருக்கிறது.

இதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. 2010இல் அன்றைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், பள்ளிகளுக்கு இடையே விளையாட்டை ஒருங்கிணைத்துவந்த ஸ்கூல் ஸ்போர்ட் பார்ட்னர்ஷிப் திட்டத்துக்கான 162 மில்லியன் பவுண்ட் நிதியை நிறுத்தினார். ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்பியது. லண்டன் ஒலிம்பிக்ஸ் முடிந்து, 2013 செப்டம்பரில் ஆண்டுக்கு 150 மில்லியன் என்று விளையாட்டுப் பிரீமியம் வந்தது. சர்க்கரை பானங்களுக்கான வரியைக் காரணம் காட்டி 2017இல் அதை 320 மில்லியனாக ஆக்கினார்கள். அன்றிலிருந்து பள்ளிக்குக் கிடைக்கும் அடிப்படைத் தொகை இந்த 16,000தான். விலைவாசி ஏறியதற்கு ஏற்ப உயரவில்லை.

இந்தப் பணத்தின் நோக்கம், தொகை நின்றுபோன பிறகும் நிலைக்கும் மாற்றம். ஆசிரியர்களுக்கு உடற்கல்வி நடத்தும் தன்னம்பிக்கை வர வேண்டும், பிள்ளைகள் எல்லோரும் அசைய வேண்டும், பலவகை விளையாட்டுகள் கிடைக்க வேண்டும், போட்டிகளில் பங்கேற்க வேண்டும். கட்டடம் கட்டக் கூடாது. பாடத்திட்டத்தில் ஏற்கெனவே கட்டாயமாக உள்ளதை நடத்த இதை எடுக்கக் கூடாது. டீச்சர்கள் பாடம் தயாரிக்க ஒதுக்கும் பி.பி.ஏ. நேரத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வெளி கோச்சை இந்தக் காசில் அமர்த்தக் கூடாது.

அந்தக் கடைசி விதிதான் அதிகம் மீறப்படுகிறது என்பது என் எண்ணம். ஒரு பள்ளியில் நான் பார்த்த பாடத்தைச் சொல்கிறேன். முப்பது பிள்ளைகள், இரண்டு வரிசை, எதிரே சில கோன்கள், ஒரு கோல். கோச் இளைஞர், நல்ல உற்சாகம், குரலும் நன்றாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் பந்தைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு தடவை உதைத்துவிட்டு வரிசையின் கடைசிக்கு வந்து நிற்கும். பாதிப் பாடத்துக்குள் பின்னால் நின்றவர்கள் புல்லைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். பந்தை உதைக்கப் பயந்த ஒரு சிறுமி, தன் முறை வரும்போதெல்லாம் பின்னால் இருந்தவளை முன்னே விட்டுக்கொண்டே இருந்தாள். கோச்சுக்கு அது தெரியவில்லை. அவர் அந்தப் பிள்ளைகளை வாரத்தில் ஒரு மணி நேரம் பார்ப்பவர். அவளைத் தெரிந்த வகுப்பு டீச்சர் ஸ்டாஃப் ரூமில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளியின் அறிக்கையில் இந்தச் செலவு "ஆசிரியர் திறன் வளர்ச்சி" என்ற தலைப்பில் இருந்தது.

வேறொரு பள்ளியில் அதே மாதிரி கோச்சை, ஏறக்குறைய அதே கட்டணத்துக்கு, வேறு விதமாக வைத்திருந்தார்கள். டீச்சரும் மைதானத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. டெர்ம் தொடக்கத்தில் கோச் நடத்துவார், டீச்சர் பார்ப்பார். பிறகு இருவரும் சேர்ந்து நடத்துவார்கள். டெர்ம் முடியும்போது டீச்சர் நடத்துவார், கோச் ஓரமாக நின்று பிறகு பேசுவார். வரிசையே கிடையாது. மூன்று மூன்று பேராகப் பிரித்து, சிறு கட்டங்களில், நிறையப் பந்துகளோடு ஆடினார்கள். பயப்படும் பிள்ளைகள் யார் என்று டீச்சருக்குத் தெரியும், அவர்களை ஒரே குழுவில் போட்டார். அடுத்த ஆண்டு கோச் வரவில்லை, பாடம் நிற்கவில்லை.

பியூப்பில் பிரீமியத்தில் மூலை மேசை, விளையாட்டுப் பிரீமியத்தில் வெளி கோச். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். பிள்ளையை வேறொருவரிடம் ஒப்படைக்கப் பணம் செலவானால், பணம் நின்றதும் எல்லாம் நின்றுவிடும். அந்தப் பிள்ளையோடு தினமும் இருக்கும் டீச்சரைத் தேர்ந்தவராக்கப் பணம் செலவானால், பலன் பள்ளியிலேயே தங்கும். ஓர் அறிக்கையைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

நீச்சல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் மகள் வயதில் அது முக்கியம். இயர் 6 முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது 25 மீட்டர் நம்பிக்கையோடு நீந்த வேண்டும், பலவகை நீச்சல் அடிகள் தெரிந்திருக்க வேண்டும், தண்ணீரில் ஆபத்து வந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். இது தேசியப் பாடத்திட்டத்தின் கட்டாயம். இயர் 6இல் எத்தனை சதவீதம் பேர் இதைச் செய்கிறார்கள் என்று பள்ளி தெரிவிக்க வேண்டும். வழக்கமான நீச்சல் வகுப்புகளுக்கு விளையாட்டுப் பிரீமியத்தைத் தொடக் கூடாது. ஆனால் அந்த வகுப்புகள் முடிந்த பிறகும் நீந்த வராத பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்பு நடத்த இதைப் பயன்படுத்தலாம். இங்கிலாந்து முழுக்க இயர் 7 பிள்ளைகளில் பத்தில் ஏழு பேர்தான் யார் உதவியும் இல்லாமல் 25 மீட்டர் நீந்துகிறார்கள். வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். காரணம் எளிது. பள்ளி கொடுக்கும் சில வாரங்களில் யாரும் முழுதாக நீந்தக் கற்றுவிட முடியாது. காசு கொடுத்துத் தனியாக வகுப்புக்குப் போகும் பிள்ளைதான் 25 மீட்டரை எட்டுகிறது.

நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, அது முடிந்தால் பரதநாட்டியம் அல்லது மிருதங்கம், ஞாயிறு டியூஷன். நீச்சலுக்கு இடமே இருப்பதில்லை. பெண் பிள்ளைகள் பெரிதாகப் பெரிதாக உடை பற்றிய தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. உடம்பை மறைக்கும் முழு நீச்சலுடைக்குப் பெரும்பாலான குளங்களில் தடையில்லை. பள்ளியிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பேருந்தும் குளத்து வாடகையும் சேர்ந்து பள்ளிக்கு நீச்சல் மிகச் செலவான பாடம் என்பது உண்மை. ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்ட பாடமும் இது ஒன்றுதான். விளையாட்டுப் பணத்தில் ஒரே ஒரு செலவுதான் முடியும் என்று யாராவது என்னிடம் சொன்னால், இயர் 6இல் நீந்தத் தெரியாதவர்களுக்கான கூடுதல் வகுப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

காசே இல்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. 2012இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் ஒரு பிரைமரி பள்ளியின் தலைமை ஆசிரியர் எலெய்ன் வைலி டெய்லி மைலைத் தொடங்கினார். தினமும் பதினைந்து நிமிடம், பள்ளி உடையிலேயே, அவரவர் வேகத்தில் ஓடலாம், நடக்கலாம். ஒரு கோனைக்கூட வாங்க வேண்டியதில்லை. இன்று பல நாடுகளில் நடக்கிறது. பள்ளி நேரத்துக்குள் பிள்ளைகள் தினமும் முப்பது நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்ற அரசு எதிர்பார்ப்பில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

விளையாட்டுப் பணத்தால் படிப்பு வளரும் என்று சில பள்ளிகள் அறிக்கையில் எழுதுகின்றன. மேலே சொன்ன அட்டவணையில் உடற்பயிற்சிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. படிப்பைக் காட்டி விளையாட்டுக்கு நியாயம் தேட வேண்டியதே இல்லை. ஒரு பிள்ளைக்கு ஓடி ஆடும் உரிமை தன்னளவிலேயே இருக்கிறது. அந்த உரிமை யாருக்குக் கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பள்ளி முடிந்த பிறகு நடக்கும் கிளப்புகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து, பியூப்பில் பிரீமியம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னால் பல பள்ளிகளுக்கு அதிர்ச்சி காத்திருக்கும். ஏற்கெனவே வெளியில் காசு கொடுத்து ஃபுட்பாலுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் போகும் பிள்ளைகளே இங்கேயும் நிறைந்திருப்பார்கள். கிளப் ஆன்லைன் பதிவு மாலை ஏழுக்குத் திறந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இரவுப் பணியில் இருக்கும் அம்மாவால் அந்த நேரத்தில் போனைப் பார்க்க முடியாது. சில இடங்களை இந்தப் பிள்ளைகளுக்கு என்று முன்பே ஒதுக்கி, கட்டணத்தையும் காலணிச் செலவையும் பியூப்பில் பிரீமியத்தில் கொடுக்கலாம். இரண்டு பணமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான்.

இப்போது பதிவு விஷயம். நீங்கள் பதிவு செய்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். 2014 செப்டம்பர் முதல் ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 முதல் மேயர் நிதியால் அரசுப் பிரைமரி பள்ளிகளில் எல்லா வகுப்புக்கும் இலவசம். "சாப்பாடு எப்படியும் கிடைக்கிறதே, படிவம் எதற்கு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். படிவத்தை நிரப்பாவிட்டால் பிள்ளைக்குச் சாப்பாடு வரும், பள்ளிக்குப் பிரீமியம் வராது. ஒரு தடவை தகுதியானவராகப் பதிவானால் ஆறு ஆண்டுகள் கணக்கில் இருக்கும் என்பதால், இன்றைய பிரைமரி தொகைப்படி ஒரு பிள்ளைக்கு ஒன்பதாயிரம் பவுண்ட் வரை பள்ளி இழக்கலாம். கேட்பது பெற்றோரின் தேசியக் காப்பீட்டு எண்ணும் பிறந்த தேதியும்தான். யாருக்கும் சொல்லமாட்டார்கள், வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் தெரியவராது. கூச்சப்பட ஒன்றுமில்லை.

வருமானம் குறைந்தோருக்கான அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் குடும்பத்துக்கு, ஆண்டுக்குக் கையில் வரும் சம்பளம் 7,400 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது 2018 முதல் உள்ள வரம்பு. 2026 செப்டம்பர் முதல் யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. ஆனால் பிரீமியத்துக்குப் பழைய வரம்பே தொடரும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். இன்னொன்று நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. விசாவில் அரசு உதவி பெற முடியாது என்ற நிபந்தனை இருந்தாலும் பிள்ளைக்கு இலவச உணவும் பள்ளிக்குப் பிரீமியமும் கிடைக்க வழி உண்டு. லண்டனில் ஒரு பிள்ளை உள்ள குடும்பம் என்றால் ஆண்டு வருமானம் 31,200 பவுண்ட் வரை, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 34,800 வரை. லண்டனுக்கு வெளியே 22,700, 26,300. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. இதைக் கேட்பதால் விசாவுக்குப் பாதிப்பு வராது, இது அரசு உதவிப் பட்டியலில் சேராது. வீட்டில் தமிழ் பேசுவதற்காகப் பியூப்பில் பிரீமியம் வராது. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள பிள்ளைகளுக்கான நிதி பள்ளியின் பொது நிதியில் வேறு கணக்கில் வருகிறது.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். பள்ளிக்கு எழுதும்போது பங்கு கேட்காதீர்கள். "என் மகளுக்கு எதில் உதவி தேவை என்று கண்டறிந்திருக்கிறீர்கள், அதற்கு என்ன செய்கிறீர்கள், பலன் வருகிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்" என்று கேளுங்கள். நல்ல பள்ளி இதற்கு உடனே பதில் சொல்லும். அவள் சிறு குழுவில் இருக்கிறாளா, அதை யார் நடத்துகிறார்கள், அந்த நேரத்தில் அவள் எந்தப் பாடத்தைத் தவறவிடுகிறாள் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் கலை, இசை, உடற்கல்வி நேரத்தில்தான் பிள்ளையை வெளியே கூப்பிடுவார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை, அதையும் சொல்லலாம். விளையாட்டு பற்றிக் கேட்க வேண்டியது: கடந்த ஆண்டு இயர் 6இல் எத்தனை சதவீதம் பேர் 25 மீட்டர் நீந்தினார்கள், வெளி கோச் இருக்கும்போது வகுப்பு டீச்சர் எங்கே இருக்கிறார். விளையாட்டுப் பணத்தை ஜூலை 31க்குள் செலவிட வேண்டும், மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். ஜூன் மாதத்தில் திடீரென்று விளையாட்டுப் பொருள்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கினால், ஆண்டு முழுக்கத் திட்டம் இல்லை என்று ஊகிக்கலாம்.

பதில் வராவிட்டால் கவர்னர்களின் தலைவருக்கு எழுதுங்கள். பள்ளி அலுவலகத்தின் முகவரியே போதும், உறையின் மேல் சேர் ஆஃப் கவர்னர்ஸ் என்று எழுதினால் போய்ச் சேரும். அடுத்து பேரன்ட் கவர்னர் தேர்தல் வந்தால் நில்லுங்கள். படிப்புத் தகுதி எதுவும் கேட்கமாட்டார்கள், பெற்றோர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், காலம் பொதுவாக நான்கு ஆண்டு, டெர்முக்குச் சில மாலைக் கூட்டங்கள். பள்ளி நிறையத் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தும் கவர்னர் மேசையில் ஒரு தமிழ்ப் பெற்றோர்கூட இல்லாத பள்ளிகள் எனக்குப் பல தெரியும். மற்றவர்களுக்குப் பதிவு பற்றிச் சொல்வதானால் செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள். பிரீமியம் கணக்கெடுக்கும் சென்சஸ் அக்டோபர் முதல் வியாழக்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.